வகுப்பில் இல்லாத பாடத்தைப் பள்ளியிலேயே படிக்க வைப்பது: கடலூரிலிருந்து ஒரு கணித ஆசிரியரின் அனுபவம்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த சில வாரங்களுக்குள் பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதை மாணவர்கள் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. நான் முதுகலைக் கணித ஆசிரியராகப் பணியாற்றும் கடலூர்ப் பள்ளியில், வணிகவியல் பிரிவு என்றால் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் ஆகிய நான்கும்தான். கணிதமோ வணிகக் கணிதமோ அந்தப் பிரிவில் கிடையாது. பிறகு பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில், பொருளியல் பட்டப்படிப்புக்கோ புள்ளியியலுக்கோ தரவு அறிவியலுக்கோ போக விரும்பும் மாணவி ஒருத்தி விண்ணப்பத் தகுதிகளைப் படித்துப் பார்த்துவிட்டு, "சார், எல்லாத்துலயும் கணக்கு கேக்கறாங்களே" என்று வந்து நிற்பாள். அந்த நிலை வராமல் இருக்க, பதினோராம் வகுப்பிலேயே இதை உணரும் மாணவர்களுக்காக, கால அட்டவணையில் இடமில்லாத கணிதத்தைத் தன்கற்றல் முறையில் படிக்க ஓர் ஏற்பாட்டைப் பள்ளியில் தொடர்ந்து நடத்தி வருகிறேன். அதை எப்படி நடத்துகிறோம் என்பதை, இதே நிலையில் உள்ள ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. படிக்கப்போகும் கணிதம் எங்கே, எந்த வடிவத்தில் ஏற்றுக்கொள்ளப்படும் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சில இடங்களில் நுழைவுத்தேர்வு மதிப்பெண் இருந்தால் போதும். சில இடங்களில் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழிலேயே கணிதம் இருந்தாக வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்காக 2022 முதல் நடத்தப்படும் பொது நுழைவுத்தேர்வான கியூட் தேர்வில், 2025ஆம் ஆண்டு விதிப்படி, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்காத பாடத்தையும் ஒருவர் தேர்ந்தெடுத்து எழுதலாம். ஆனால் தேர்வு எழுத அனுமதி இருப்பதும், அந்த மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகம் ஏற்பதும் வெவ்வேறு செய்திகள். தில்லிப் பல்கலைக்கழகம், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களையே நுழைவுத்தேர்விலும் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்கிறது. அங்கே பொருளியல் சிறப்புப் பட்டத்துக்குக் கணிதம் கட்டாயம். ஆகவே வீட்டில் எவ்வளவு படித்திருந்தாலும் நம் வணிகவியல் மாணவிக்கு அந்தக் கதவு நேரடியாகத் திறக்காது. காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் நம் பிள்ளைகளுக்கு அருகில் இருப்பவை. அவற்றின் ஒவ்வொரு படிப்புக்கும் உரிய தகுதி வரியை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் சொல்லுக்குச் சொல் படித்த பிறகே நான் அடுத்த பேச்சுக்குப் போவேன். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்பதை வைத்து ஒன்றரை ஆண்டு உழைப்பை முடிவு செய்ய முடியாது.

சான்றிதழே வேண்டும் என்பவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் அங்கே கணிதத்தை மட்டும் தனிப்பாடமாகப் பதிவு செய்து, ஆண்டுக்கு இருமுறை நடக்கும் பொதுத்தேர்வில் எழுதி மதிப்பெண் பட்டியல் பெறலாம். அப்படிப் பெற்ற பாடத்தைத் தாம் ஏற்பார்களா என்பதைச் சேர விரும்பும் பல்கலைக்கழகத்திடம் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது. இவ்வளவு சிக்கலே இல்லாத கதவும் ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பி.எஸ். பட்டப்படிப்புக்குப் பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஜே.இ.இ. தேவையில்லை, நான்கு வாரப் பாடங்களைப் படித்து, வாராந்தர ஒப்படைப்புகளை முடித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். குடும்ப வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. எங்கள் தன்கற்றல் ஏற்பாட்டில் சேருபவர்களில் எவருக்கும் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

அடுத்து, எந்தக் கணிதம் என்ற கேள்வி. அறிவியல் பிரிவுக்கான கணிதப் புத்தகத்தை அப்படியே வணிகவியல் மாணவி கையில் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கலப்பெண்களும் கூம்பு வளைவுகளும் அவளுடைய தேவைக்கு வெகு தொலைவில் இருப்பவை. மேலும் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' என்ற அருமையான புத்தகம், எங்கள் பள்ளியில் அந்தப் பாடமே இல்லை என்ற ஒரே காரணத்தால், யாரும் தொடாமல் கிடக்கிறது. கியூட் கணிதத் தாளில் எல்லாருக்கும் பொதுவான 15 வினாக்கள் போக, மீதி 35 வினாக்களைக் கணிதத்திலிருந்தோ பயன்பாட்டுக் கணிதத்திலிருந்தோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பயன்பாட்டுக் கணிதப் பகுதியில் வரும் நிதிக் கணிதம், குறியீட்டெண்கள், காலத்தொடர் வரிசை, கூறெடுப்பும் அனுமானமும், நேரியல் திட்டமிடல் ஆகியவற்றில் பெரும்பகுதியும், பொதுப் பகுதியின் அணிகள் (மேட்ரிக்ஸ்), வகையிடல், தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவுப் பரவல் ஆகியவையும் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகங்களில் தமிழிலேயே இருக்கின்றன. விடுபடுவது மட்டு எண்கணிதம் (வகுத்தால் வரும் மீதியை வைத்துச் செய்யும் கணக்கு), படகும் நீரோட்டமும், குழாய்களும் தொட்டியும் போன்ற சிறு பகுதிகள்தாம். அவற்றை வேறு புத்தகங்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கியூட் வினாத்தாளைத் தமிழிலும் தேர்ந்தெடுக்க முடியும் என்றாலும், கல்லூரியில் ஆங்கிலம் வரப்போவதால், பாடநூலின் பின்னால் உள்ள கலைச்சொற்களை இரண்டு மொழிகளிலும் எழுதிப் பழகச் சொல்கிறேன்.

பாடங்களின் வரிசையில் நான் புத்தகத்தைப் பின்பற்றுவதில்லை. பத்தாம் வகுப்பின் இருபடிச் சமன்பாடுகளையும் ஒருங்கமைச் சமன்பாடுகளையும் இரண்டு வாரம் தூசி தட்டிவிட்டு, முன்னறிவு அதிகம் தேவைப்படாத அணிகளில் தொடங்குகிறோம். வகையிடலுக்கு வரும்போது எல்லைகள் (லிமிட்) என்ற பாடத்திலிருந்து தொடங்காமல், மாணவிக்குப் பொருளியல் வகுப்பில் ஏற்கனவே பழக்கமான இறுதிநிலைச் செலவிலிருந்து தொடங்குகிறேன். மொத்தச் செலவு x² + 10x + 50 என்றால், x அலகுகளுக்குப் பிறகு உற்பத்தியைச் சற்றே கூட்டும்போது செலவு எந்த வீதத்தில் ஏறும் என்று கேட்டு, 11 அலகுகளின் செலவிலிருந்து 10 அலகுகளின் செலவைக் கழிக்கச் சொல்வேன். 281 கழித்தல் 250, அதாவது 31 என்று வரும். பிறகு இடைவெளியை அரை அலகாக, கால் அலகாகக் குறைத்து, அலகுக்கு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னால் விடை 30.5, 30.25 என்று இறங்கி 30ஐ நெருங்குவதை அவளே காண்பாள். 2x + 10 என்ற விதி அதன் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டிய பொருளாக இராது. அறிவியல் பிரிவு மாணவர்களைவிட வணிகவியல் மாணவர்கள் இந்த இடத்தை விரைவாகக் கடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நிதிக் கணிதமும் குறியீட்டெண்களும் அவர்களுக்கு இயல்பாகவே எளிது என்பதால் அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்கிறோம்.

இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு எழுத்து உடன்படிக்கைதான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தன்கற்றல் என்பது பள்ளிக்கல்விச் சட்டமே ஏற்றுக்கொண்ட முறை. அங்கே மாணவர், பெற்றோர், பொறுப்பாசிரியர் ஆகியோர் கையெழுத்திடும் எழுத்து உடன்படிக்கை இல்லாமல் அது செல்லாது, எந்த வேலையை எப்போது எப்படி ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நமக்கு அப்படிப்பட்ட சட்டம் இல்லை. நம் உடன்படிக்கைக்கு அரசு மதிப்பும் இல்லை. இருந்தாலும் ஒரு பக்கத் தாளில் எந்தப் பாடம் எந்தத் தேதிக்குள், வாரச் சந்திப்பு எந்த நாள், தேர்வில் தொடர்ந்து பின்தங்கினால் என்ன செய்வது என்பவற்றை எழுதி, தலைமையாசிரியர் உட்பட எல்லாரும் கையெழுத்திடும்போது நிலைமை மாறுகிறது. பெற்றோரின் கையெழுத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு மாணவி, அம்மா மீன் விற்கப் போகும் நேரமெல்லாம் தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி நேரம் அவளுக்கு வேறு வேலை சொல்வதில்லை என்று அந்தத் தாளில் எழுதி, அம்மாவுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம். அந்த மூன்று மணி நேரம்தான் அவளுடைய கணிதம்.

வாரச் சந்திப்பு ஒரு பாடவேளை. அதில் நான் பாடம் நடத்துவதில்லை. நடத்தத் தொடங்கினால் அது டியூஷனாகிவிடும், அடுத்த வாரம் மாணவர் புத்தகத்தைத் திறக்காமலே வருவார். முதலில் அவர் அந்த வாரம் செய்த கணக்குகளில் ஒன்றைக் கரும்பலகையில் எனக்கு விளக்க வேண்டும். அடுத்து, செய்ய முடியாமல் நின்ற கணக்கைக் காட்ட வேண்டும். அப்படி எதுவுமே இல்லை என்று சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும், ஏனென்றால் நோட்ஸைப் பார்த்து எழுதியவருக்குத்தான் எந்தக் கணக்கும் நிற்காது. கடைசியில் புத்தகம் பார்க்காமல் ஐந்து சிறு வினாக்கள். அவற்றில் ஒன்றாவது எண்களைப் போட்டு முடிக்க முடியாத வினாவாக இருக்கும். மூன்றாம் வரிசை அணி ஒன்றின் அணிக்கோவை மதிப்பு 5 என்றால், அந்த அணியை இரண்டால் பெருக்கிய பின் மதிப்பு என்ன என்று கேட்டால், பெரும்பாலோர் 10 என்று எழுதுவார்கள். மூன்று நிரைகளிலும் இரண்டு வெளியே வருவதால் விடை 2 × 2 × 2 × 5, அதாவது 40 என்பதை ஒருமுறை தாமே கண்டுகொண்டவர் பிறகு தவறு செய்வதில்லை. கியூட் தேர்வு கேட்பதும் இந்த வகைதான்: 60 நிமிடத்தில் 50 வினாக்கள், சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. நம் பொதுத்தேர்வில் படிப்படியாக எழுதிப் பழகிய கைக்கு இந்த வேகம் புதிது.

நேரத் திட்டம் போடுபவர்கள் கடலூரின் வானத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2015 நவம்பர் வெள்ளத்தையும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெங்கல் புயலையும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் விடுமுறை எப்போது வரும், மின்சாரம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளியே சில நாள் நிவாரண முகாமாகிவிடும். அதனால் பதினோராம் வகுப்பின் ஜூலையில் தொடங்கி, அந்த ஆண்டுக்குள் அணிகளையும் வகையிடலையும் முடித்துவிடுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவுப் பரவல் ஆகிய கனமான பாடங்கள் தீபாவளிக்குள் முடிந்தாக வேண்டும். மழைக்காலத்துக்கு என்று நேரியல் திட்டமிடலை ஒதுக்கி வைத்திருக்கிறேன். வரைபடத் தாளும் அளவுகோலும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது அது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு புதுப் பாடம் எதுவும் கிடையாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பொதுத்தேர்வுக்குரிய ஆறு பாடங்களுக்கே முதலிடம். கணிதத்தில் கை மறக்காமல் இருக்க வாரத்துக்குச் சில கணக்குகள் மட்டும். பொதுத்தேர்வு முடிந்து கியூட் வரையிலான வாரங்களில் நேரம் குறித்த மாதிரித் தாள்கள்.

பன்னிரண்டாம் வகுப்பின் ஆகஸ்டில் வந்து கேட்பவர்களை நான் சேர்த்துக்கொள்வதில்லை. கேட்கும்போது கடுமையாகத் தோன்றினாலும், அவர்களுக்குப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணும் குறைந்து கணிதமும் கிடைக்காமல் போகும். பொதுத்தேர்வு முடிந்ததும் சென்னை ஐ.ஐ.டி. தகுதித் தேர்வுக்கோ திறந்தநிலைப் பள்ளிக்கோ அனுப்புவதே அவர்களுக்கு நான் செய்யக்கூடிய உதவி. ஒரே நேரத்தில் இரண்டு கூடுதல் பாடங்களுக்கும் அனுமதியில்லை. டியூஷன் கட்டணம் போல எதுவும் வாங்குவதில்லை. பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பிரதி எடுக்கும் செலவு மட்டுமே பெற்றோருடையது.

மற்ற பாடங்களுக்கும் இதைச் செய்யலாமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பொருளியல், வரலாறு, அரசியல் அறிவியல் ஆகியவற்றுக்குத் தாராளமாகச் செய்யலாம். செய்முறை உள்ள பாடங்களில் தயக்கம் வேண்டும். கணினி அறிவியல் பிரிவு மாணவர் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வுக்காக உயிரியலைத் தாமே படிப்பது சாத்தியம்தான். அந்தத் தேர்வின் 60 வினாக்களில் உயிரியலுக்கு 15 உண்டு, செய்முறைத் தேர்வு கிடையாது. ஆனால் நீட் எழுதுவதற்காக உயிரியல் வேண்டும் என்றால் சான்றிதழே தேவை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கூடுதல் பாடமாக உயிரியலைப் படித்துத் தேறியவர்களும் தகுதியுடையவர்களே என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்திருக்கிறது. இதற்குப் பள்ளியின் தன்கற்றல் ஏற்பாடு தயாரிப்பாக மட்டுமே உதவும், சான்றிதழுக்கு முறைப்படி பதிவு செய்தே ஆக வேண்டும்.

முடிக்கும் மாணவருக்குத் தலைமையாசிரியர் கையெழுத்துடன், படித்த பாடங்களையும் வாரத் தேர்வு மதிப்பெண்களையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் தருகிறோம். சேர்க்கையில் அதற்கு மதிப்பெண் கிடையாது என்பதை மாணவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நேர்காணல் உள்ள கல்லூரிகளில் அந்தக் கடிதத்தையும் கணக்கு நோட்டுகளையும் எடுத்துப்போகச் சொல்கிறேன். சான்றிதழில் இல்லாத கணிதத்தை எப்படிப் படித்தாய் என்ற கேள்வி வந்தால் எடுத்துக் காட்ட அவை கையில் இருக்கும்.