இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடும் ஊர்கள்

ஊர் திரும்பி நான்கு நாளாகிறது. அழுக்குத் துணி இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. தென் பிரான்ஸில் எங்கே தங்கலாம், எப்படிப் போகலாம், எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதிவைத்தால் யாருக்காவது உதவுமே என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவிஞோன் டாக்ஸிக்காரரைப் பற்றிச் சொல்லி முடிக்காமல் எனக்கு வேறு எதுவும் எழுத ஓடாது.

பாரிஸிலிருந்து வரும் அதிவேக ரயில் பெரும்பாலும் அவிஞோன் ஊருக்குள் வருவதில்லை. வெளியே தனியாக ஒரு நிலையம் கட்டி, அங்கே இறக்கிவிடுகிறார்கள். ஊர் மதிலை ஒட்டிய பழைய நிலையத்துக்கு அங்கிருந்தே ஒரு சின்ன ரயில் போகிறது, ஐந்தாறு நிமிடம்தான். இது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. இரண்டு பெட்டி, ஒரு தோள்பை, மண்டையைப் பிளக்கும் வெயில். வாசலில் நின்ற டாக்ஸியில் ஏறிவிட்டோம். மீட்டர் மேல் ஒரு துண்டு கிடந்தது. நான் பார்த்தேன், இவரும் பார்த்தார், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நான்கைந்து கிலோமீட்டர் தூரத்துக்கு 38 யூரோ என்றார் டாக்ஸிக்காரர். பெட்டிக்குத் தனியாம், இரண்டாவது பெட்டிக்கு இன்னும் தனியாம். ரசீது கேட்டேன், பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். இவர் புதுச்சேரியில் மூன்று வருடம் டிப்ளமா படித்தவர். ‘பிரெஞ்சு எனக்குக் கொஞ்சம் வரும்’ என்று விமானம் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் கொஞ்சம் ‘மெர்சி’ (நன்றி) என்ற ஒரே சொல் என்பது அன்றுதான் தெரிந்தது. அதையும் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

பயணத் திட்டம் இதுதான்: பன்னிரண்டு இரவு, மூன்று ஊர். இவர் போட்ட பட்டியலில் ஒன்பது ஊர் இருந்தன. ஆறை நான் அடித்தேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் கழித்து இரண்டு பேர் மட்டும் போகிற முதல் பயணம். தினமும் காலையில் பெட்டி கட்டுவதற்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவிஞோனில் ஐந்து, நீமில் நான்கு, கர்கசோனில் மூன்று. இன்னொரு சட்டமும் போட்டேன்: எதைப் பார்த்தாலும் நூறால் பெருக்கி ரூபாயில் சொல்லக் கூடாது. இந்தச் சட்டம் முதல் காபியிலேயே மீறப்பட்டது.

அவிஞோனில் போப்பாண்டவர்களின் அரண்மனை இருக்கிறது. 1309இல் போப் ஐந்தாம் கிளமென்ட் இங்கே வந்ததிலிருந்து 1377 வரை போப்புகள் பெரும்பாலும் ரோமில் இல்லை, இந்த ஊரில்தான் இருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை. உள்ளே போனால் காலி. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கட்டடம் ராணுவத்தின் கைக்குப் போய், படைவீடாக இருந்திருக்கிறது. கூடம் கூடமாக வெறும் கல்சுவர். டிக்கெட்டோடு கையில் ஒரு டேப்லெட் தருகிறார்கள். அதைத் தூக்கிப் பிடித்தால் அன்று தொங்கிய திரைச்சீலையும் கட்டிலும் தெரிகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் சுவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்கிறார்கள். ஆனால் ‘மான் அறை’ என்ற சின்ன அறைக்குள் போனதும் டேப்லெட்டை இவர் கையில் திணித்துவிட்டேன். சுவர் முழுக்க வேட்டை, மரம், மீன்குளம். குளத்தைச் சுற்றி நின்று மீன் பிடிக்கிறார்கள். ஒரு சாமியார் தன் அறைக்கு இப்படி வரையச் சொல்லியிருக்கிறாரே என்று நெடுநேரம் நின்றேன்.

அந்த அறைக்குச் சொந்தக்காரரான ஆறாம் கிளமென்ட்தான் 1348இல் இந்த ஊரையே நேப்பிள்ஸ் ராணியிடமிருந்து 80,000 ஃப்ளோரின் பொற்காசுக்கு விலைக்கு வாங்கினார். “பார், அந்த மனிதர் ஊரையே வாங்கியிருக்கிறார். நீ எனக்கு இரண்டாவது காபி வாங்கித்தர யோசிக்கிறாய்” என்றார் இவர்.

பிரபலமான உடைந்த பாலத்துக்கு நாங்கள் டிக்கெட் எடுக்கவில்லை. இருபத்திரண்டு வளைவுகளில் மிஞ்சியவை நான்கு. நடு ஆற்றில் நின்றுவிடுகிற பாலத்தில் ஏறி எங்கே போவது? அரண்மனைக்கு மேலே உள்ள பாறைத் தோட்டத்திலிருந்து முழுப்பாலமும் தெரிகிறது, காசில்லை. ரோன் ஆற்றைக் கடந்து எதிர்த் தீவுக்குப் போக இலவசப் படகும் விடுகிறார்கள். அக்கரையிலிருந்து மாலை வெயிலில் பாலத்தைப் பாருங்கள். ஒரே எதிரி காற்று. மிஸ்த்ரால் என்று பெயர். வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்குகிறது. இரண்டு நாள் அடித்தது. முதல் நாளே என் தொப்பி ரோன் ஆற்றோடு போய்விட்டது.

இனி ஆர்ல். ரயிலில் இருபது நிமிடம். காற்றுக்குத் தடுப்பாக வயலோரம் நெருக்கி நட்டிருக்கும் சைப்ரஸ் மரங்களைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். சனிக்கிழமை போங்கள், பெரிய தெரு நீளத்துக்கும் சந்தை கூடுகிறது. ஆலிவ் மட்டும் இருபது வகை இருக்கும். ஆட்டுப்பால் சீஸ், கம்பியில் சுற்றிக்கொண்டே எண்ணெய் சொட்டும் கோழி, அந்த எண்ணெயிலேயே வேகும் உருளைக்கிழங்கு. நான் காசை எடுத்துவிட்டேன். “முதலில் அரங்கத்தைப் பார்த்துவிடலாம், திரும்பி வந்து வாங்கலாம்” என்றார் இவர்.

அரங்கம் நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கி.பி. 90 வாக்கில் ரோமானியர்கள் கட்டியது, இருபதாயிரம் பேர் உட்காரலாம். ரோமானியர்கள் போன பிறகு மக்கள் அதற்குள்ளேயே குடியேறி, இருநூறுக்கு மேல் வீடு கட்டி, கோயிலும் கட்டிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் இடித்துக் காலி செய்திருக்கிறார்கள். இன்றும் அங்கே காளை விளையாட்டு நடக்கிறது. ஸ்பெயின் பாணியில் காளையைக் கொல்வது ஒன்று. இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொன்றில் வெள்ளை உடை போட்ட இளைஞர்கள் ஓடி வந்து காளையின் கொம்பில் கட்டிய குஞ்சத்தைப் பறிப்பார்கள். காளை உயிரோடு வீட்டுக்குப் போகும், பெயர் வாங்கும். திருச்சிக்காரிக்கு இதை விளக்கவே வேண்டாம். சுவரொட்டியில் காளையின் படம் பெரிதாகவும் ஆட்களின் படம் சின்னதாகவும் இருந்தன. சரியான மரியாதை.

வெளியே வந்தபோது சந்தை இல்லை. கோழி இல்லை. தெருவைக் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மணி இரண்டு பத்து. முதல் உணவகத்தில் எட்டு மேசை நிறைய ஆள் இருந்தும் ‘அடுப்படி மூடிவிட்டது’ என்று கையை விரித்தார்கள். இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் காபி வேண்டுமானால் உண்டு என்றார்கள். மளிகைக் கடையும் சாத்தியிருந்தது. நான்கு மணிக்குத்தான் திறக்குமாம். இரண்டாயிரம் வருடத்துக் கட்டடத்தை அசையாமல் வைத்திருக்கிற ஊரில் ஒரு தட்டு சோறு பத்து நிமிடம் தாமதமாகக் கிடைக்காது. கடைசியில் காலையில் சுட்டுக் காய்ந்துபோன குரோசான் இரண்டு கிடைத்தன. வான்கோ 1888 பிப்ரவரியில் இந்த ஊருக்கு வந்து, பதினைந்து மாதம் வரைந்து தள்ளி, காதையும் அறுத்துக்கொண்டார் என்று இவர் படித்துக் காட்டினார். காதறுத்த பிறகு அவரைச் சேர்த்த மருத்துவமனையின் முற்றத் தோட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். அவர் வரைந்த படத்தில் உள்ளபடியே செடி வைத்திருக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் கோழிதான் ஞாபகம்.

ஆகவே குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரைக்கு மேசையில் உட்கார்ந்துவிட வேண்டும். மதியத்தில் பலகையில் எழுதியிருக்கும் ‘அன்றைய சாப்பாடு’தான் மலிவு, எங்களுக்குத் தலைக்கு 15, 16 யூரோ ஆயிற்று. பாட்டில் தண்ணீர் கேட்காதீர்கள்; ‘கராஃப் தோ’ என்றால் குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாக வைப்பார்கள். கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள். சொல்லாதவர்களை அவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, நம் ஊரில் செருப்போடு பூஜை அறைக்குள் நுழைந்தவனைப் பார்க்கிற பார்வை அது.

நீம் ஊரைப் பற்றி எழுதவேண்டியது இவர்தான். பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் வாய்க்கால் மட்டம் பார்த்தவர். கம்பீரமாக நிற்கும் ரோமானியக் கோயிலான மெசோன் கரேவை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டார். அது 2023இல்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று நான் சொன்னதும் காதில் ஏறவில்லை. அவர் வந்தது போன்-து-காருக்காக. நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர ரோமானியர்கள் ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். அது கார்தோன் ஆற்றைத் தாண்டுகிற இடம்தான் இந்த மூன்றடுக்குப் பாலம். உயரம் 49 மீட்டர். அடியில் நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது. கீழ் அடுக்குகளில் சுண்ணாம்புச் சாந்தே இல்லை, கல்மேல் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. இவர் பாலத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ரசீது ஒன்றை எடுத்துப் பின்பக்கம் கணக்குப் போட்டார். “ஐம்பது கிலோமீட்டருக்கு மொத்த வாட்டமே பன்னிரண்டரை மீட்டர்தான். கிலோமீட்டருக்கு ஒரு சாண். ஒரு சாண்!” என்றார். என் கையைப் பிடித்து விரலை விரித்து வைத்து அளந்து காட்டினார். இருபத்தைந்து வருடத்தில் இவர் இப்படிக் கையைப் பிடித்துப் பேசியது இது எத்தனாவது தடவை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்தான் சோதனை. ரவுண்டானாவுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தம் இருக்கிறது. இந்தப் பக்கம்தான் என்று இவர் அடித்துச் சொன்னார். பஸ் எதிர்ப்பக்கம் வந்தது, நின்றது, போனது. நாங்கள் பெட்டிக்கடை விளம்பரம் மாதிரி கையை ஆட்டிக்கொண்டு நின்றோம். அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து. சீக்கிரமே வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அசையவும் முடியவில்லை. கையிலிருந்த பீச் பழம் நான்கையும் தின்று தீர்த்தோம். அது இருபது நிமிடம் தாமதமாக வந்தது. திரும்பும் நிறுத்தம் எது என்று இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். முப்பது வருடம் மட்டம் பார்த்தவரை நம்பாதீர்கள்.

மறுநாள், நீமில் ஒரு மேட்டுத் தெருவோரம், வேலிக்குள் ஒரு வட்டத் தொட்டி. அந்தக் கால்வாய்த் தண்ணீர் வந்து சேர்ந்த இடம் இதுதான். ஒரு பக்கம் சதுர வாய். சுவரில் வரிசையாகப் பத்து உருண்டைத் துளைகள், ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஈயக் குழாய் போன வழி. டிக்கெட் இல்லை, கூட்டம் இல்லை, ஒரு பூனை மட்டும் இருந்தது. இவர் அங்கே நாற்பது நிமிடம் நின்றார். அரண்மனையில் நின்றதைவிட அதிகம்.

கர்கசோன் மதிலைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். இரட்டை மதில், 52 கோபுரம், கட்டடக் கலைஞர் வியொலே-ல-துய்க் 1853இல் தொடங்கிய புதுப்பிப்பு, அவர் வைத்த கூம்புக் கூரை இந்தத் தெற்குப் பக்கத்துக்குப் பொருந்தாது என்ற பழைய சண்டை. உள்ளே நுழையக் காசில்லை. அரண்மனைக்கும் மதில்மேல் நடப்பதற்கும் மட்டும் டிக்கெட். தெருவெல்லாம் பிளாஸ்டிக் வாள் விற்கிறார்கள். பகலில் எரிச்சல்தான் வந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் போனோம், கூட்டம் வடிந்து வெறும் கல்லும் விளக்கும்தான் இருந்தன, அப்போது பிடித்தது.

ஆனால் கர்கசோன் என்றால் எனக்கு இனி கசூலே. வெள்ளை மொச்சை மாதிரியான அவரை, வாத்துக் கால், சாசேஜ், எல்லாம் மண்சட்டியில் மணிக்கணக்காக வெந்து, மேலே பழுப்பாக ஏடு கட்டி வருகிறது. அந்த ஏட்டை வேகும்போதே ஏழு முறை உடைத்து உள்ளே அமுக்க வேண்டும் என்பது அங்குள்ள ஐதிகம். காஸ்தெல்னோதாரி, கர்கசோன், துலூஸ் மூன்று ஊரும் எங்கள் கசூலேதான் அசல் என்று சண்டை போடுகின்றன. கீழ் ஊரில், நதிப் பாலத்துக்கு அருகே ஆறே மேசை உள்ள கடை. சட்டி மேசைக்கு வந்த பிறகும் கொதி அடங்கவில்லை. கரண்டியை விட்டதும் ஏடு ‘நறுக்’ என்றது. அடியில் அவரை உடையாமல், ஆனால் நாக்கில் வைத்ததும் கரைகிறது. இரண்டு பேருக்கு ஒரு சட்டி போதும் என்று சொல்லியும் இவர் இரண்டு சொன்னார். 44 யூரோ. நூறால் பெருக்க வாயெடுத்தார். பிறகு பேசாமல் சாப்பிட்டார்.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். எல்லாம் இவருடைய எக்செல்லில் இருக்கிறது. தங்கல், ரயில், நுழைவுச் சீட்டு, சாப்பாடு என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறார். இப்போதுதான் திறந்து பார்த்தேன். அந்த டாக்ஸிக்காரரின் 38 யூரோவை ‘நன்கொடை’ என்ற தலைப்பில் போட்டிருக்கிறார்.