பன்னேர்கட்டா கரடிகள்: ஏப்ரல் மாதக் குறிப்புகள்

ஏப்ரல் 5

பெங்களூருக்குத் தெற்கே, பன்னேர்கட்டா காட்டோரம் இருக்கிறது இந்தக் கரடி மீட்பு மையம். ‘வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ்.’ அமைப்பும் கர்நாடக வனத்துறையும் சேர்ந்து 2005இல் தொடங்கியது. இங்கே இருப்பவற்றில் பல, ஒரு காலத்தில் தெருத்தெருவாக ஆடவிடப்பட்ட தேன்கரடிகள். மிச்ச ஆயுள் முழுக்க அவற்றுக்கு இதுதான் வீடு.

காலையில் எனக்குக் கூழ் வேலை. ராகி மாவு, பால், முட்டை, கொஞ்சம் தேன். பல் இல்லாத வாய்க்கு ஏற்ற பதத்தில் இறக்க வேண்டும். குட்டியிலேயே இவற்றின் கோரைப்பற்களை உடைத்துவிடுவார்கள், ஆட்டுகிறவரைக் கடிக்கக் கூடாதென்று.

ஏப்ரல் 6

எல்லாரும் ‘அஜ்ஜா’ (கன்னடத்தில் தாத்தா) என்று கூப்பிடும் கிழக்கரடியைக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து நெடுநேரம் பார்த்தேன். மூக்குத்தண்டின் மேல் ஒரு பள்ளம். சுற்றிலும் முடியே வளரவில்லை. சில மாதக் குட்டியாக இருக்கும்போது பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஊசியால் துளைத்து, அதில் கயிறு கோத்திருக்கிறார்கள். மயக்க மருந்து எதுவும் கிடையாது. புண் ஆறி வரும் நேரத்தில் மறுபடி குத்துவதும் உண்டாம். கயிற்றை மேலே இழுத்தால் வலி தாங்காமல் இரண்டு காலில் எழும். பக்கவாட்டில் இழுத்தால் உடம்பு அசையும். நாம் காசு போட்டுப் பார்த்த ‘ஆட்டம்’ அவ்வளவுதான்.

அஜ்ஜா இன்னமும் சில நேரம் ஒரே இடத்தில் நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்டுகிறது. கயிறு போய் வருஷக்கணக்காகிவிட்டது.

ஏப்ரல் 9

வெயில் கொளுத்துகிறது. தர்பூசணித் துண்டுகளைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்துக் கொடுத்தோம். குட்டையிலேயே கிடந்தன எல்லாம்.

ஏப்ரல் 12

அம்மாவிடம் போனில் சொன்னேன். “எங்க ஊருக்கும் கரடிக்காரர் வருவாரே, உன்னைக்கூட மேலே உட்காரவைச்சு எடுத்தோமே, பயம் தெளியணும்னு” என்றாள். கரடி முடி வைத்த தாயத்தும் அரைஞாணில் கட்டியிருந்தாளாம். எனக்கு நினைவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அப்படி உட்கார்ந்திருப்போம்! அந்தத் தாயத்துக்குப் பிடுங்கிய முடியும் உயிருள்ள தோலிலிருந்து வந்ததுதான்.

ஏப்ரல் 13

ஞாயிற்றுக்கிழமை. என்னைப் பார்க்க வந்த சித்தப்பா கேட்டார்: “காப்பாத்தியாச்சுல்ல, அப்புறம் காட்டுல விட்டுட வேண்டியதுதானே?” யாரிடம் பேசினாலும் இந்தக் கேள்வி வந்துவிடும், அதனால் விவரமாகவே எழுதிவைக்கிறேன்.

தேன்கரடிக் குட்டி இரண்டு வருஷமாவது தாயோடு இருக்கும். முதல் சில மாதம் அவள் முதுகு முடியைப் பற்றிக்கொண்டே போகும். எந்தப் புற்றில் கரையான் இருக்கும், எந்த மரம் எப்போது பழுக்கும், புலி வந்தால் என்ன செய்வது, எல்லாம் அப்படிக் கற்பதுதான். இவற்றுக்கோ தாயைக் கொன்றுவிட்டுத்தான் குட்டியை எடுத்திருப்பார்கள். கற்றுக்கொடுக்க ஆளில்லை, சண்டைக்குப் பல்லில்லை, மனிதரைக் கண்டால் ஒதுங்கவும் தெரியாது. பலவற்றுக்குப் பார்வை போய்விட்டது. மனிதரோடு ஒட்டி வாழ்ந்ததில் காசநோய் தொற்றியவையும் உண்டு. வெளியே விட்டால் காட்டுக் கரடிகளுக்கும் பரவும்.

விட்டுவிடுவது விடுதலை மாதிரித் தெரியும். ஆனால் பசியிலும் கல்லடியிலும் சாகத்தான் அனுப்புகிறோம். நாம் கெடுத்த வாழ்க்கைக்குக் கடைசிவரை சோறு போடுவது நம் கடன் என்றுதான் அவரிடமும் சொன்னேன்.

ஏப்ரல் 17

அடைப்புக்குள் ஒரு கரையான் புற்றை இளங்கரடி ஒன்று கண்டுபிடித்துவிட்டது. நீண்ட நகத்தால் கிழித்து, முதலில் ‘பூ’ என்று மண்ணை ஊதித் தள்ளியது. பிறகு மூக்குத் துவாரங்களை இறுக மூடி, உதட்டைக் குழல்போல நீட்டி உறிஞ்சியது. மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் இந்த இனத்துக்குப் பிறவியிலேயே கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கரையான் உள்ளே போகிறது. நூறு மீட்டர் தள்ளி நின்றாலும் அந்தச் சத்தம் கேட்கும். தாயில்லாமல் வளர்ந்தது இதைச் செய்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏப்ரல் 20

கலந்தர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கரடியாட்டியே பிழைத்த ஏழை மக்கள். 1972 வனவிலங்குச் சட்டம் இருந்தும், கரடிகளை வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று 1998இல் அரசு அறிவித்தும் ஆட்டம் நிற்கவில்லை. வயிற்றுக்கு வேறு வழி இல்லாதபோது எப்படி நிற்கும்? கரடியை ஒப்படைத்த குடும்பத்துக்கு வேறு தொழில் தொடங்கப் பணம், பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களுக்குத் தையல் மாதிரி வேலை என்று கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. 2002 டிசம்பரில் இதே அமைப்பின் ஆக்ரா மீட்பு மையத்துக்கு முதல் கரடிகள் வந்தன. 2009 டிசம்பரில் கடைசியாக மீட்கப்பட்ட ராஜு இங்கே, பன்னேர்கட்டாவுக்கு வந்தது. மொத்தம் 600க்கும் மேல். மனிதருக்கு வழி காட்டாமல் கரடியை மட்டும் பிடுங்கியிருந்தால் மறுவாரமே இன்னொரு குட்டி காட்டிலிருந்து வந்திருக்கும்.

ஏப்ரல் 23

அஜ்ஜா இரண்டு நாளாகக் கூழைப் பாதியில் விடுகிறது. உடைந்து நின்ற பல்லின் வேரில் சீழ் கோத்திருக்கிறது என்கிறார் டாக்டர். நாளை மயக்கம் கொடுத்து எடுக்கப்போகிறார்கள். “அக்கா, நாளைக்கு அதுக்கு மட்டும் கூழ் வைக்காதீங்க” என்று கீப்பர் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். கூண்டுக் கதவில் சாக்பீஸால் பெரிதாக எழுதிவைத்திருக்கிறேன்.