போனில் தட்டித் திறக்கும் மெனு

பாசிக்குடாவில் விடுதி வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு இணையப் பக்கம் செய்துகொடுத்தேன். அறைகள், சாப்பாடு, பயணங்கள், தொடர்பு என்று மேலே ஒரு மெனு. நேரம் முழுக்க அதிலேயே போனது.

மெனு உள்ளுக்குள் வெறும் பட்டியல்தான். இணையப் பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல்லில் டேக் என்ற குறிகளால் அதை எழுத வேண்டும். நாவ் (nav) டேக்குக்குள் பட்டியலுக்கான ஒரு யுஎல் (ul), அதற்குள் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எல்ஐ (li), அதற்குள் இணைப்புக்கான ஏ (a) டேக். புள்ளிகளை எடுக்கவும் பக்கவாட்டில் நிறுத்தவும் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ்ஸில் லிஸ்ட்-ஸ்டைல் நன், டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் என்று இரண்டு வரி. நாவுக்குப் பதிலாக, வெறும் பெட்டியான டிவ் (div) டேக் போட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர், நாவ் இருந்தால் இது மெனு என்று தானாகக் கண்டுகொள்ளும்.

பயணங்களுக்குக் கீழே கிளைமெனு வேண்டுமென்றார்: மட்டக்களப்புக் கோட்டை, கல்லடிப் பாலம், வாவிப் படகு, அறுகம்பே. பல பாடங்கள் இதற்கு ஹோவரைத்தான் சொல்லித்தருகின்றன, அதாவது மௌஸைக் கொண்டுபோனால் திறப்பது. லேப்டாப்பில் அழகாகத்தான் இருந்தது. விரலுக்கு ஏது ஹோவர்? "தம்பி, என்ட போனில திறக்குது, மகள்ட போனில நேரா வேற பக்கத்துக்குப் போகுதே" என்றார் அண்ணன். அவரிடம் அறை கேட்பவர்கள் எல்லோரும் போனில் பார்ப்பவர்கள்.

தட்டினால் திறக்கவைக்க வழக்கமாக ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதுவார்கள், அது எனக்கு இன்னும் கைவரவில்லை. தேடியதில் டீடெயில்ஸ் (details), சம்மரி (summary) என்ற இரண்டு டேக்குகள் கிடைத்தன. டீடெயில்ஸுக்குள் முதலில் சம்மரி, அதில் 'பயணங்கள்'. அதற்குக் கீழே இன்னொரு யுஎல். தட்டினால் திறக்கிறது, திரும்பத் தட்டினால் மூடுகிறது. கீபோர்டில் என்டரும் வேலை செய்கிறது. ஒரு வரி ஸ்கிரிப்ட் இல்லை! வேறு இடத்தில் தட்டினால் தானாக மூடாது, அதுதான் குறை. அண்ணன் அதைக் கவனிக்கவேயில்லை.

அப்புறம் சின்னத் திரை. பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு அமைக்கச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி இல்லாவிட்டால் போன் முழுப் பக்கத்தையும் சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பாகிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஃப்ளெக்ஸ்-ராப்பும் போட்டேன், இடம் போதாதவை அடுத்த வரிக்கு இறங்கின. எழுத்தைச் சுற்றி விடும் இடைவெளியான பேடிங்கை எல்ஐக்குக் கொடுக்காமல் ஏ டேக்குக்கே கொடுத்து டிஸ்ப்ளே பிளாக் போடுங்கள். அப்போதுதான் எழுத்தைச் சுற்றிய இடத்தில் தட்டினாலும் இணைப்பு திறக்கும்.

இப்போது அதே மெனுவைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கேட்கிறார்.