திருவாதிரை நேர் உச்சியில்

மகளின் அறைச் சீலிங்கில் ஒரு சிறு குவிமாடம் வைத்து, அதில் எங்கள் முற்றத்து வானத்தைக் கீற வேண்டுமென்பது நெடுநாள் ஆசை. கரண்ட் இல்லாத காலத்தில் அம்மம்மா பாயில் படுத்துக்கொண்டு ஆறாமீன் என்ற விண்மீன் கூட்டத்தைக் காட்டித் தந்த வானம். இப்போது கிளிநொச்சியில் தெருவிளக்கு வெளிச்சத்தில் அது மங்கிப்போய்த் தெரிகிறது.

குறுக்களவு 6 அடி, குழிவு 1 அடி. கணக்குப் பார்த்தால் வளைவின் ஆரை 5 அடி வரும். ஆணியில் 5 அடி நூல் கட்டிப் பிளைவூட்டில் வளைவு கீறினேன். தச்சு வேலை செய்யும் ஓடாவி அண்ணை 12 விலா வெட்டித் தந்தார். கோழிவலை அடித்து, பெரிய சட்டி போல நிலத்தில் நிமிர்த்தி வைத்து, சணல் சாக்குத் துண்டுகளைப் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் தோய்த்து உட்பக்கம் ஒட்டினேன். ஒரு பேணிக்கு மேல் குழைக்கக்கூடாது, பூசி முடிக்க முன்னமே இறுகிவிடும்.

அப்புறம் வானம். நடுதான் தலைக்கு நேர் உச்சி, விளிம்புதான் அடிவானம், நடுவிலிருந்து 36 அங்குலம் என்றால் 90 பாகை, ஆக 10 பாகைக்கு 4 அங்குலம். மார்கழி நடுச்சாமத்தில் திருவாதிரை விண்மீன் எங்களுக்கு உச்சியிலிருந்து 2 பாகைதான் தெற்கே நிற்கும். அதனால் அதை நடுவோடு ஒட்டி வைத்தேன். அகத்தியர் மீன் தெற்கே 25 அங்குலம்.

பென்சிலால் எல்லாம் குறித்த பிறகுதான் பிழை தெரிந்தது. அதே படத்தைக் கடதாசியில் கீறி, இரவு முற்றத்தில் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தேன்.

“அப்பா, உரோகிணி மற்றப் பக்கமெல்லோ நிக்குது!” என்றாள் மகள்.

உண்மைதான். நிலத்துத் திசைப்படி வடக்குக்கு வலப்பக்கம் கிழக்கைக் குறித்திருந்தேன். அண்ணாந்து பார்க்கும்போது கிழக்கு இடப்பக்கம் வரவேண்டும். நியூயோர்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் 1913இல் திறந்தபோதும் கூரை வானம் பெரும்பாலும் இப்படித்தான் கிழக்கு மேற்கு மாறியிருந்தது, இன்றும் அப்படியே இருக்கிறது. நான் இரண்டு நாள் இருந்து அழித்துத் திருப்பிக் குறித்தேன்.

கடும் நீலம் இரண்டு பூச்சு. மீன்களுக்குத் தென்னை ஈர்க்குத்தான் நல்லது. நுனியைச் சீவினால் கடுகளவுப் புள்ளி, நறுக்கினால் மிளகளவு. திருவாதிரைக்கு மட்டும் வெள்ளையில் ஒரு துளி செம்மஞ்சள் கலந்தேன். அந்த ஒரு புள்ளியில் முழு வானத்துக்கும் உயிர் வந்துவிட்டது.

நேற்று நாலு பேராகத் தூக்கிக் கூரை மரத் தீராந்தியில் கம்பி போட்டுக் கட்டினோம். துருவ மீன் மட்டும் பாக்கி. அது விளிம்பிலிருந்து 4 அங்குலந்தான், சுற்றுப்பட்டி 3 அங்குலத்தை மறைக்கும். பட்டி அடித்த பிறகு வைக்கிறேன்.