எங்கள் வங்கி நன்றாகத்தான் இருந்தது

சம்பள நாள் வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரைக்கு ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் தம்பிதான் முதலில் கூப்பிட்டான். "அக்கா, சம்பளம் ஏறலையே, உங்களுக்கு ஏறிடுச்சா?" பார்த்தேன். எனக்கும் ஏறவில்லை. சம்பளப் பட்டியல் போடுகிறவளுக்கே சம்பளம் வரவில்லை என்றால், யாரோ ஒருவருடைய கணக்கு எண் தப்பாகிப்போன விவகாரம் இல்லை இது என்று அப்போதே புரிந்துவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு வங்கியை ஒழுங்குமுறை அமைப்பு மூடிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. படித்தேன், படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் போனேன். அது எங்கள் வங்கி இல்லையே. எங்களுக்கு அங்கே கணக்கு கிடையாது, கடன் கிடையாது. எங்கள் நடப்புக் கணக்கு இருந்த வங்கிக்கு அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் நாங்கள் சம்பளத்தை நேராகப் போடுவதில்லை. மொத்தம் 43 பேர். நடுவில் ஒரு பேரோல் ஏஜென்சி. விடுப்பு, ஓவர்டைம், முன்பணம் எல்லாவற்றையும் சேர்த்து நான் பட்டியல் அனுப்புவேன். அவர்கள் கணக்குப் போட்டு, சம்பள நாளுக்கு மூன்று நாள் முன்னால் மொத்தத் தொகையை எங்கள் கணக்கிலிருந்து எடுத்துத் தங்கள் கணக்கில் வைத்துக்கொள்வார்கள். சம்பள நாளன்று அங்கிருந்து ஆளுக்கு ஆள் பிரித்து அனுப்புவார்கள். பிடித்த வரியும் அதே வழியாகத்தான் அரசுக்குப் போகும். அந்தத் 'தங்கள் கணக்கு' எந்த வங்கியில் இருக்கிறது என்று ஆறு வருஷமாக நான் கேட்டதே இல்லை.

அன்றைக்குக் கேட்டேன். நாற்பது நிமிஷம் லைனில் காத்திருந்த பிறகு ஒரு பையன் எடுத்தான். பாவம், அவனுக்கும் சம்பளம் வந்திருக்காது. மூடப்பட்ட அதே வங்கியில்தான் கணக்கு என்றான். "ஃபைல் போயிடுச்சு மேடம், ஆனா கிளியர் ஆகலை." செவ்வாய்க்கிழமை எங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை யார் கணக்குக்கும் வரவில்லை. நடுவில் நின்றுவிட்டது.

சம்பளம் ஏன் இப்படி நடுவழியில் நிற்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைப்பேசியில் ஒருவருக்குப் பணம் அனுப்பினால் நொடியில் போய்விடுகிறது. சம்பளம் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. நூற்றுக்கணக்கான பேருடைய விவரம் கொண்ட ஒரு ஃபைலாக வங்கிக்குப் போகும். வங்கி அதைத் தீர்வகத்துக்கு, அதாவது வங்கிகளுக்கு நடுவே இருக்கும் கிளியரிங் அமைப்புக்கு, அனுப்பும். தீர்வகம் குறிப்பிட்ட நேரங்களில் வங்கிகளுக்கிடையே கணக்கை நேர்செய்யும். அதற்குப் பிறகுதான் பணம் ஊழியரின் கணக்கில் ஏறும். அனுப்பும் வங்கி இந்தச் சுற்றுக்கு நடுவே மூடப்பட்டால், பொறுப்பேற்று வருகிறவர் முதலில் செய்வது வெளியே போகும் எல்லாவற்றையும் நிறுத்துவது. எங்கள் ஃபைல் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டது.

பதினொரு மணிக்கு முதலாளி அறையில் உட்கார்ந்தோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: "காத்திருக்கலாமா, இல்ல இன்னொரு தடவை நாமளே போட்டுடலாமா?"

பழைய சம்பவங்களைத் தேடிப் படித்தேன். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் வைப்பாளர்கள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை வங்கி மூடப்பட்டது. அமெரிக்க வைப்புக் காப்பீடு ஒரு வைப்பாளருக்கு, ஒரு வங்கியில், 2,50,000 டாலர் வரைக்கும்தான். அங்கே இருந்த பணத்தில் பெரும்பகுதி அதற்கு மேல். ஞாயிறு மாலை, முழுத் தொகையும் கிடைக்கும் என்று அரசு அறிவித்தது. திங்கட்கிழமை கதவு திறந்தது. அதற்கு முன்னால், 2008 செப்டம்பர் 25 அன்று வாஷிங்டன் மியூச்சுவல் என்ற அமெரிக்க வங்கி விழுந்தபோது இன்னொரு பெரிய வங்கி அப்படியே எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை கிளைகள் வழக்கம்போலத் திறந்தன. ஆனால் அதே வருஷம் ஜூலையில் இண்டிமேக் வங்கி விழுந்தபோது காப்பீட்டு வரம்புக்கு மேல் இருந்த தொகையில் முதலில் கிடைத்தது பாதிதான். ஆக, திங்கட்கிழமையே முழுசாகவும் வரலாம், பாதியோடு நிற்கவும் செய்யலாம். அன்றைக்குக் காலை எங்கள் கதை இதில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

காப்பீடு இருக்கிறதே என்று ஒரு நப்பாசை வந்தது. அதிலும் ஒரு முடிச்சு இருந்தது. ஏஜென்சியின் கணக்கில் எங்கள் பணம் மட்டும் இல்லை, அவர்களுடைய எல்லா வாடிக்கையாளர்களின் பணமும் ஒன்றாகக் கிடந்தது. அமெரிக்க விதிப்படி, பிறருக்காக வைத்திருக்கும் கணக்கு என்று வங்கியின் ஏட்டில் பதிவாகி, யாருக்கு எவ்வளவு என்ற விவரமும் தெளிவாக இருந்தால், வரம்பை ஒவ்வொரு உரிமையாளருக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவார்கள். இல்லையென்றால் மொத்தக் கணக்குக்கும் ஒரே வைப்பாளர், ஒரே வரம்பு. எங்கள் ஏஜென்சி அதை எப்படி எழுதி வைத்திருந்தது என்று கேட்டால் அந்தப் பையனுக்கு என்ன தெரியும்?

வழக்கறிஞர் ஃபோனில் சொன்னதுதான் முடிவைத் தீர்மானித்தது. ஏஜென்சிக்குப் பணம் கொடுத்ததால் சம்பளம் கொடுத்ததாகிவிடாது, ஊழியர் கைக்குப் போகும் வரை கடன் உங்களுடையதுதான் என்றார். சரி, போடுவோம் என்று முதலாளி சொன்னார். ஆனால் கணக்கில் மிச்சம் இருந்தது மொத்தச் சம்பளத்தில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம்.

எல்லாருக்கும் அறுபது சதவீதம் என்று போடலாம் என்றார் மேலாளர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. மேலே இருப்பவருக்கு நாற்பது சதவீதம் குறைந்தால் சேமிப்பில் கை வைப்பார். கீழே இருப்பவருக்குக் குறைந்தால் வாடகை நிற்கும். கீழிருந்து நிரப்பிக்கொண்டு வரலாம் என்றேன். ஒரு தொகை வரை எல்லாருக்கும் முழுசாக, அதற்கு மேல் உள்ளவர்களுக்கு மிச்சம் பின்னால். அப்படிப் போட்டுப் பார்த்தால் 29 பேருக்கு முழுச் சம்பளமும் வந்தது. மேலாளர் முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை. முதலாளி தனக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

முடிவு எடுத்தது அரை மணி நேரம். போட்டது இரண்டு நாள்.

எங்கள் வங்கியின் இணையத் தளத்தில் இந்த 43 பேரில் ஒருவர்கூடப் பயனாளியாகச் சேர்க்கப்படவில்லை. எதற்குச் சேர்க்க வேண்டும், ஏஜென்சிதானே போடுகிறது! புதிதாகச் சேர்த்தால் முதல் நாள் சிறிய தொகைதான் அனுப்ப முடியும் என்று ஒரு கட்டுப்பாடு. நாள் ஒன்றுக்கு மொத்த வரம்பு வேறு. கணக்கு எண்களின் முழுப் பட்டியல் என்னிடம் இல்லை, அது ஏஜென்சியின் தளத்தில் இருந்தது, அந்தத் தளம் கூட்டம் தாங்காமல் படுத்துக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்தபோது ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்த படிவங்களை அலமாரியிலிருந்து இறக்கினேன். சிலருடைய கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருந்தன. நான் படிக்க, இன்னொருவர் தட்ட, மூன்றாமவர் சரிபார்க்க, மெதுவாக நகர்ந்தது. இதற்கிடையில் மூன்று பேருடைய சொந்தக் கணக்கே அந்த மூடிய வங்கியில் இருந்தது. பணம் அனுப்பினாலும் எடுக்க முடியாது. வீட்டில் வேறு யாருக்காவது கணக்கு இருக்கிறதா என்று கேட்டு, கையெழுத்திட்ட கடிதம் வாங்கிக்கொண்டு அதில் போட்டோம்.

மதியம் ஒரு மின்னஞ்சல் வந்தது. டிசைனர் பெயரில். "என் பழைய கணக்கு முடங்கிவிட்டது, இந்த எண்ணில் போடவும்." அன்றைக்கு அப்படி ஒரு கடிதம் வருவது இயல்புதான், அதனால்தான் ஆபத்தும். அவரை அவருடைய நம்பரில் கூப்பிட்டேன். அவர் எதுவும் அனுப்பவில்லை. செய்தி வெளியாகி ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் எங்கிருந்தோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கணக்கு எண் மாற்றம் எதையும் நேரில் அல்லது பழைய நம்பரில் பேசாமல் ஏற்கவில்லை.

சனிக்கிழமை மாலைக்குள் எல்லாருக்கும் ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. ஆறு பேருக்குக் கடன் தவணைக் கழிவு வெள்ளிக்கிழமையே வந்து, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிவிட்டது. "சம்பளம் தாமதமானது நிறுவனத்தின் வழியாக நேர்ந்தது" என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தோம். நான்கு பேருக்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்தார்கள். மற்ற இரண்டு பேருக்கு நாங்களே கொடுத்தோம்.

புதன்கிழமை வேறொரு வங்கி அந்த வங்கியை ஏற்றுக்கொண்டது. நல்ல செய்தி என்றுதான் நினைத்தோம். வியாழக்கிழமை காலை ஸ்டோர்ஸ் தம்பி மறுபடி கூப்பிட்டான். "அக்கா, இன்னொரு சம்பளம் வந்திருக்கு." நின்றுபோன ஃபைலில் ஒரு பகுதி விடுபட்டு 17 பேருக்குப் பணம் ஏறியிருந்தது. ஏஜென்சியிடம் அந்த ஃபைலை ரத்து செய்யச் சொல்லி வெள்ளிக்கிழமையே எழுதியிருந்தேன். ஆனால் ரத்து செய்ய அவர்கள் கையிலும் எதுவும் இல்லை, ஃபைல் அப்போது பொறுப்பாளரிடம் இருந்தது.

இரண்டாவது தடவை வந்ததைத் திரும்ப வாங்குவது, முதல் தடவை கொடுப்பதைவிடக் கஷ்டம். அடுத்த மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாமே என்று முதலாளி கேட்டார். எழுத்தில் சம்மதம் இல்லாமல் கழிக்க வேண்டாம் என்று வழக்கறிஞர் தடுத்துவிட்டார். 14 பேர் அன்றே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பேர் அடுத்த மாதத்தில் கழிக்கச் சம்மதித்தார்கள். ஒருவருக்கு வந்த பணத்தை அவருடைய கடன் கணக்கு அப்படியே விழுங்கிவிட்டது. அவர் ஐந்து மாதமாகக் கொடுத்து முடித்தார்.

வரி விஷயத்தை நான் மறந்தே போயிருந்தேன். ஏஜென்சி எடுத்துக்கொண்ட தொகையில் அதுவும் இருந்தது. கட்ட வேண்டிய தேதிக்கு முந்தின நாள்தான் ஞாபகம் வந்தது. அதையும் இன்னொரு முறை கட்டினோம். மிச்சப் பணம் ஏஜென்சியிடமிருந்து மூன்று வாரம் கழித்து வந்தது.

கூட்டத்தில் ஒருவர், "நம்ம பேங்க்ல ஒண்ணும் ஆகலையே, அப்புறம் ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2020 மார்ச்சில் யெஸ் வங்கிக்குக் கட்டுப்பாடு போட்ட இரவு ஃபோன்பே நின்றுபோனதைச் சொன்னேன். அதைப் பயன்படுத்திய பலருக்கு யெஸ் வங்கியில் கணக்கே இல்லை. அவர்களுடைய பணம் போகும் பாதையில்தான் அந்த வங்கி இருந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

இப்போது பணத்தை ஒரு நாள் முன்னால்தான் எடுக்க விடுகிறோம். இன்னொரு வங்கியில் ஒரு மாதச் சம்பளம் தனியாகக் கிடக்கிறது, வட்டி குறைவு என்று மேலாளர் இன்னும் முணுமுணுக்கிறார். 43 பேரும் பயனாளிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஏஜென்சிக்கு மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன்: பணத்தை எந்த வங்கியில் வைக்கிறீர்கள், கணக்கு யார் பெயரில் எப்படிப் பதிவாகியிருக்கிறது, அந்த வங்கி நின்றால் மாற்று வழி என்ன. முதல் கேள்விக்கு மறுநாளே பதில் வந்தது. இரண்டாவதுக்கு ஆறு வாரம் ஆயிற்று. மூன்றாவதுக்காக ஒவ்வொரு மாதமும் பட்டியல் அனுப்பும்போது கீழே ஒரு வரி சேர்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.