பார்சல் போகும் வழியிலேயே படியுங்கள்: தடய அறிவியல் நெட் தேர்வுக்கு என் அனுபவம்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கத்துக் கல்லூரிகளில் வேதியியலோ தாவரவியலோ முடித்த பிள்ளைகள் பலர், தடய அறிவியலில் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுத எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். நான் கும்பகோணத்தில் இளங்கலை வேதியியல் படித்து, வெளியூரில் தடய அறிவியல் முதுகலை முடித்து, மறுபடி ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே படித்துத் தேறினேன். இந்தப் பாடத்துக்கென்று பக்கத்தில் பயிற்சி மையம் எதுவும் கிடையாது. எனக்குக் கைகொடுத்தது ஒரு பழக்கம்தான். எந்தச் சோதனையைப் படித்தாலும் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்வேன்.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100. ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், மொத்தம் 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம். பாடத்தைத் தமிழிலேயே புரிந்துகொண்டு, கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் தனி நோட்டில் எழுதிவாருங்கள். டிஎன்பிஎஸ்சி நடத்தும் இளநிலை அறிவியல் அலுவலர் தேர்வுக்கும் இதே படிப்பு உதவும்.

சிலபஸில் சட்டம் ஓர் அலகு, கருவிகள் ஓர் அலகு, போதைப்பொருள் ஓர் அலகு என்று பிரித்துப் பிரித்து வைத்திருப்பார்கள். அந்த வரிசையில் படித்தால் மனதில் நிற்பதில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரையில் கஞ்சா மூட்டைகள் பிடிபட்டதாகச் செய்தி வருகிறதே, அதில் ஒரு மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த இடத்திலிருந்து நீதிமன்றம் வரை அதன் கூடவே போங்கள். மூன்று அலகுகளும் ஒரே கதையாகிவிடும்.

முதலில் சட்டம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி, மாதிரி எடுப்பது நீதித்துறை நடுவர் முன்னிலையில் நடக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மாதிரியும் ஒரே மாதிரியான இரண்டு பிரதிகளாக எடுக்கப்படும். கஞ்சா, அபின், சரஸ் (கஞ்சாப் பிசின்) என்றால் 24 கிராம், மற்றவை குறைந்தது 5 கிராம். சீல் வைத்த பார்சல் ஆய்வகத்துக்கு வந்ததும் முதல் வேலை, அதன் சீலை உடன் வந்த மாதிரி முத்திரையோடு ஒப்பிடுவது. அப்புறம் எடை போடுவது. இந்த இரண்டும் சரியில்லை என்றால் அதன்பின் எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் ஓட்டினாலும் அந்த அறிக்கை நீதிமன்றத்தில் தடுமாறும். கஸ்டடி சங்கிலி, அதாவது பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு, பற்றிய கேள்விகளைப் பலர் சுலபம் என்று தாண்டிப் போகிறார்கள். எனக்கு அதுதான் இந்தப் பாடத்தின் உயிர் என்று படுகிறது, ஏனென்றால் ஒரு மனிதனின் பத்து, இருபது வருட வாழ்க்கை அந்த அரக்கு முத்திரையை நம்பி இருக்கிறது.

இனி பார்சலைப் பிரிக்கலாம். சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி. நுனி இல்லாமல் இலையும் விதையும் மட்டும் வந்தால் அந்த வரையறைக்குள் அடங்காது. ஆகவே கண்ணால் பார்ப்பதும் நுண்ணோக்கியும் முதலில் வருகின்றன. இலையின் மேற்பரப்பில் கரடி நகம் போல வளைந்த, சிஸ்டோலித் எனப்படும் ரோமங்கள் தெரியும். அவற்றின் அடியில் கால்சியம் கார்பனேட் இருப்பதால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். இத்தகைய ரோமம் வேறு செடிகளிலும் உண்டு என்பதால் இதோடு நிறுத்த முடியாது. அடுத்து டுக்கெனாய்–லெவின் என்ற நிறச் சோதனை: ஊதா நிறம் கீழே குளோரோஃபார்ம் அடுக்குக்கு இறங்க வேண்டும். இதுவும் முதற்கட்டச் சோதனைதான். பிறகு டிஎல்சி தகட்டில் (கலவையைப் பிரித்துக் காட்டும் மெல்லிய பூச்சுத் தகடு) ஃபாஸ்ட் ப்ளூ பி சாயம் தெளித்தால், கஞ்சாவின் வேதிப்பொருள்களில் போதை தரும் டிஎச்சி சிவப்பாகவும், சிபிடி ஆரஞ்சாகவும், சிபிஎன் ஊதாவாகவும் தெரியும்.

கடைசியில் ஜிசி–எம்எஸ், அதாவது கேஸ் குரோமட்டோகிராபியும் நிறை நிறமாலையும் சேர்ந்த கருவி. இங்கேதான் கேள்வித்தாள் ஆழம் பார்க்கும். கேஸ் குரோமட்டோகிராபி தருவது ஒரு பொருள் வெளியே வர எடுத்துக்கொண்ட நேரம். கும்பகோணம் பேருந்து நிலையத்துக்குள் இரண்டு பேருந்துகள் ஒரே நேரத்தில் நுழைந்தால் இரண்டும் ஒரே ஊரிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியுமா? பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டும். அந்தப் பலகையைக் காட்டுவது நிறை நிறமாலை. டிஎச்சிக்கு மூலக்கூறு அயனி 314. இன்னொரு நுணுக்கம்: செடியில் பெரும்பாலும் இருப்பது டிஎச்சி அமிலம். ஜிசியின் சூட்டில் அது கார்பன் டை ஆக்சைடை இழந்து டிஎச்சி ஆகிவிடும். அமிலத்தைத் தனியாக அளக்க, அப்படிச் சூடாக்காமல் திரவத்தில் பிரிக்கும் எச்பிஎல்சி வேண்டும்.

நிறை நிறமாலைக்கும் எல்லை உண்டு. மெத்தாம்ஃபெட்டமினின் முதன்மை உச்சம் 58. இருமல், சளி மருந்துகளில் வரும் எபெட்ரினுக்கும் அதே 58. எபெட்ரினையும் சூடோஎபெட்ரினையும் நிறமாலையை மட்டும் வைத்துப் பிரிப்பது இன்னும் கடினம். அங்கே அகச்சிவப்பு நிறமாலை உதவும். தத்துவம் வேறுபட்ட குறைந்தது இரண்டு சோதனைகள் ஒத்துப்போக வேண்டும் என்று ஆய்வகங்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுதான். காரணம் தெரிந்துவிட்டால் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் விடை வந்துவிடும்.

தண்டனையைத் தீர்மானிக்கும் அளவுகளை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். சிறு அளவும் வணிக அளவும் முறையே: கஞ்சா 1 கிலோ, 20 கிலோ, ஹெராயின் 5 கிராம், 250 கிராம், கொகெயின் 2 கிராம், 100 கிராம், மெத்தாம்ஃபெட்டமின் 2 கிராம், 50 கிராம். கலப்படப் பொருளையும் சேர்த்த மொத்த எடையே கணக்கு என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

நம் பக்கத்தில் போதைப்பொருளைவிட மனதை அழுத்துகிற பாடம் நஞ்சியல். வயல்காட்டு ஊர்களில் பூச்சிமருந்து குடித்து இறந்தவர்களைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் குறைவு. பிரேதப் பரிசோதனையில் எடுக்கும் உள்ளுறுப்புகளை அடர் உப்புக் கரைசலில் வைத்து அனுப்புவார்கள். ஃபார்மலின் கூடாது, அது திசுவை இறுக்கிவிடும், நஞ்சைப் பிரித்தெடுப்பது கடினமாகும். ஆல்கஹால் நஞ்சு என்று சந்தேகம் இருந்தால் சாராயக் கரைசலில் வைக்கவே கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். ரத்தத்துக்கு சோடியம் ஃப்ளூரைடு. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து என்றால் கோலினெஸ்டரேஸ் நொதி ஏன் குறைகிறது என்று நரம்பிலிருந்து தொடங்கிப் படியுங்கள், மருத்துவக் கேள்வியும் வேதியியல் கேள்வியும் ஒன்றாக முடியும்.

மண்ணையும் டயட்டத்தையும் (நீரில் வாழும் நுண்பாசி) படிக்க டெல்டாவைவிட நல்ல இடம் இல்லை. வெண்ணாற்றுப் பாசனத்தின் களிமண், கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாட்டுப் பக்கத்துச் செம்மண், வேதாரண்யத்து உப்பு மண் மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். டயரில் ஒட்டிய மண்ணில் நிறம், துகள் அளவு, அடர்த்தி ஆகியவற்றை ஏன் ஒப்பிடுகிறார்கள் என்பது தானாகப் புரியும். வாய்க்காலில் கிடைத்த உடலின் எலும்பு மஜ்ஜையில் டயட்டம் இருந்தால், உயிரோடு நீரில் விழுந்திருக்கலாம் என்பதற்கு அது ஆதரவு. அந்த இடத்துத் தண்ணீரோடு ஒப்பிடாமல் அதற்கு மதிப்பில்லை.

சட்டப் பிரிவுகளில் பழைய புத்தகம் மட்டும் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நிபுணர் கருத்து சாட்சியச் சட்டத்தின் 45லிருந்து புதிய பாரதிய சாட்சிய அதினியத்தின் 39க்குப் போய்விட்டது. அரசு அறிவியல் நிபுணரின் அறிக்கை பற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329. 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிற, அதே சன்ஹிதாவின் 176(3) புதிது. பழைய எண், புதிய எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

கடைசி மாதத்தில் முந்தைய வினாத்தாள்களில் கூற்று–காரணம் வகைக் கேள்விகளுக்கே அதிக நேரம் கொடுங்கள். அந்த மாதிரியில் நானே எழுதிப் பழகிய ஒன்று. கூற்று: மார்க்விஸ் சோதனையில் ஊதா நிறம் வந்தால் அது ஹெராயின் என்று உறுதி செய்யலாம். காரணம்: மார்க்விஸ் கரைசல் ஓபியேட்களோடு (அபினிலிருந்து வருபவை) ஊதா நிறம் தரும். காரணம் சரி, கூற்று தவறு. மார்ஃபினும் கோடீனும்கூட அதே ஊதாவைத் தரும்.