கண்டெய்னருக்குள் தமிழ் பிடிஎஃப்

எங்கள் பில்லிங் மென்பொருளின் தமிழ்க் கையேட்டை மார்க்டவுனில்தான் (எளிய குறிகள் போட்ட வெறும் உரைக்கோப்பு) எழுதுகிறோம். அதை பிடிஎஃப் ஆக்கித் தருவது பேண்டாக் என்ற கோப்பு மாற்றி. அது பக்கம் அமைக்கும் மென்பொருளான லாடெக்கிடம் வேலையைக் கொடுத்து வாங்கும். எங்கள் குழுவில் ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு டெக்லைவ் (லாடெக் அடங்கிய தொகுப்பு) பதிப்பு. ஒரே கையேடு ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி பக்கம் பிரிந்து வரும். டெக்லைவை முழுசாக நிறுவினால் வட்டில் பல ஜிபி போய்விடும். அதனால் டாக்கருக்கு மாறினேன்; அது மென்பொருளை, அதற்கு வேண்டியதெல்லாம் சேர்த்து, கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும். அந்தப் பெட்டிக்கான அச்சுதான் இமேஜ். பேண்டாக் குழுவினரே டாக்கர் ஹப் தளத்தில் வைத்திருக்கும், லாடெக்கும் சேர்ந்த இமேஜை எடுத்தேன். அடியில் ஆல்பைன் லினக்ஸ். அதன் அடிப்படை இமேஜ் 10 எம்பி கூட வராது. ‘லேட்டஸ்ட்’ என்று விடாமல் பதிப்பு எண்ணையும் குறிப்பிட்டுவிட்டேன். இல்லையென்றால் பழைய தலைவலிதான்.

முதல் ஓட்டத்தில் முதல் தமிழ் எழுத்திலேயே நின்றுவிட்டது. பேண்டாக் வழக்கமாகக் கூப்பிடும் பிடிஎஃப்லாடெக்குக்குத் தமிழ் யுனிகோட் ஆகாது. எஞ்சினை, யுனிகோட் தெரிந்த ஸீலாடெக்குக்கு மாற்றினேன். பிழை எதுவும் இல்லை, பிடிஎஃப்பும் வந்தது. திறந்தால் எண்களும் ஆங்கிலமும் மட்டும் அங்கங்கே நிற்கின்றன, தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை! டெர்மினலில் மட்டும் ‘இந்த எழுத்து இந்த ஃபான்ட்டில் இல்லை’ என்ற எச்சரிக்கை வரிசையாக ஓடியிருந்தது. லாடெக்கின் இயல்பு ஃபான்ட்டான லத்தீன் மாடர்னில் தமிழ் கிடையாது. என் லேப்டாப்பில் எத்தனை ஃபான்ட் இருந்தாலும் கண்டெய்னர் அவற்றைப் பார்க்காது. உள்ளே போய், தமிழுக்கு என்ன ஃபான்ட் இருக்கிறது என்று, ஃபான்ட்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் கட்டளையைக் கேட்டேன். ஒரு வரி கூட வரவில்லை.

அந்த இமேஜின் மேல் ஒரு குட்டி டாக்கர்ஃபைல் (இமேஜ் கட்டும் குறிப்பு) எழுதி, ஆல்பைனின் நோட்டோ தமிழ் ஃபான்ட் தொகுப்பைச் சேர்த்தேன். கையேட்டின் தலைப்பகுதியில் மெயின்ஃபான்ட் நோட்டோ செரிஃப் தமிழ் என்று போட்டதும் எழுத்து வந்துவிட்டது. ஆனால் மாதிரி பில்லை கோட் பிளாக்கில் (நிரல்வரிகளுக்கான சம அகல எழுத்துக் கட்டம்) வைத்திருந்தோம், அது இன்னும் வெள்ளையாகவே இருந்தது. அந்தக் கட்டத்துக்கான மோனோஃபான்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு தமிழ் ஃபான்ட்டைக் கொடுத்தால் எழுத்து தெரிகிறது, ஆனால் எல்லா எழுத்தும் ஒரே அகலம் இல்லாததால் தொகைகள்தான் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க மாட்டேன் என்கின்றன. மல்லுக்கட்டாமல் பில்லை அட்டவணையாக மாற்றிவிட்டோம்.

லினக்ஸில் ஓட்டுபவர்களுக்கு ஒன்று: டாக்கர் ரன்னில் யூசர் ஐடியைத் தராவிட்டால் பிடிஎஃப் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயரில் உருவாகும், அப்புறம் அதை மேலெழுத சூடோ (நிர்வாகி அனுமதி) தேவைப்படும்.

தேதி விஷயம் சுவாரசியமானது. அட்டையில் அன்றைய தேதி தானாக விழும்படி வைத்திருந்தோம். விடிகாலையில் ஓட்டினால் முந்தின நாள் தேதி விழுந்தது. கண்டெய்னரின் கடிகாரம் யூடிசி (உலகப் பொது நேரம்), நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ‘ஏசியா/கொல்கத்தா’ என்று டைம்ஜோன் கொடுத்தாலும் பலனில்லை, அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லும் டிஜெட்டேட்டா தொகுப்பு இமேஜில் இல்லை. அதை நிறுவலாம். அல்லது ஐஎஸ்டி மைனஸ் 5:30 என்று நேரடியாகத் தரலாம். மைனஸ்தான், ப்ளஸ் இல்லை. பாசிக்ஸ் (யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான தரநிலை) கணக்கில் கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு மைனஸ். யார் யோசித்தார்களோ!

கடைசியாக வந்த புகாருக்கும் கண்டெய்னருக்கும் சம்பந்தமில்லை, ஸீலாடெக்கை எங்கே ஓட்டினாலும் வரும். சப்போர்ட்டில் இருப்பவர்கள் பிடிஎஃப்பில் ‘கொள்முதல்’ என்று தேடினால் எதுவும் அகப்படவில்லை. அந்தச் சொல்லை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன். கொம்பு முதலில், பிறகு ககரம், பிறகு துணைக்கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வந்து விழுந்தது. யுனிகோட் வரிசை அதுவல்ல. ஸீலாடெக்கின் அடியில் இருக்கும் ஸீடெக்கில் ‘ஜெனரேட் ஆக்சுவல் டெக்ஸ்ட்’ என்றொரு அமைப்பு இருக்கிறது. அதை 1 ஆக்கினால், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் அதன் மூல எழுத்து வரிசையையும் பிடிஎஃப்பில் பதிந்துவிடும். டெம்ப்ளேட்டின் தலையில் அந்த ஒரு வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். இப்போது தேடலில் கிடைக்கிறது.